ஆடி மாதத்தில் இருபத்தாறு வெப்சைட்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரி. அதன் மாடியில் ஓர் அறைதான் எங்கள் ஆபீஸ். எங்கள் என்றால் நானும் என் நாத்தனாரும். நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டுச் சில வருடம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்பில் இருந்தவள். அவள் திருச்சியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவள். என் கணவரின் தங்கை. என்னைவிட எட்டு வயது சின்னவள். அண்ணி, வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். வாக்குவாதம் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த மரியாதை அவளைத் துளியும் கட்டுப்படுத்தாது.

பள்ளிக்கூடம், அரிசி ஆலை, பல் ஆஸ்பத்திரி, சின்ன வெங்காய மண்டி என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அவள் பேப்பரில் வரைந்து தருவாள். நான் அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாகக் கம்ப்யூட்டர் கோடு எழுதுவேன். எனக்கு அது பிடித்த வேலை. ஒரு பக்கம் முழுக்க என் கையால் எழுதியது என்பதில் ஒரு கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்தில் முதல் கீறல் விழுந்தது ஒரு டைல்ஸ் கடையால். அண்ணன் தம்பி நான்கு பேர் நான்கு ஊரில் கடை வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சைட் செய்திருந்தோம். ஒரு நாள் மூத்தவர் போன் செய்து, லோகோவை நான்கிலும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றச் சொன்னார். சின்ன வேலைதான். நான்கையும் தனித்தனியாகத் திறந்து, தனித்தனியாக மாற்றி, தனித்தனியாகப் போனில் சரிபார்த்து முடிக்க ஒரு பகல் போயிற்று. மூன்றில் சரியாக வந்தது. நான்காவதில் லோகோ போய் மெனுவின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"நாலுக்கே இப்புடின்னா நாப்பது வந்தா என்ன பண்ணுவோம் அண்ணி?" என்றாள்.

"நாப்பது வரும்போது பாத்துக்கலாம்" என்றேன்.

ஆடி பிறந்த முதல் வாரத்தில் இருபத்தாறு வந்தது.

கொண்டுவந்தவர் அரியலூர்க்காரர். கல்யாணச் சமையல் மாஸ்டர். ஐம்பது வயதிருக்கும். பருத்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் முதலில் சொன்னது, "கீழ பப்ஸுக்கு டால்டா ஜாஸ்தி போடுறாங்க" என்பதுதான். வாசனையிலேயே தெரிகிறதாம்.

அதன் பிறகு விஷயத்துக்கு வந்தார். அரியலூரைச் சுற்றிக் கல்யாண வேலை செய்கிறவர்கள் இருபத்தாறு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். சமையல், மேளம், மாலை, மேடை அலங்காரம், போட்டோ, மைக் செட், பந்தல், மணப்பெண் மேக்கப் எல்லாம் அதில் அடக்கம். அவர்தான் தலைவர்.

"முன்னெல்லாம் கல்யாணம்னா ஆளு தேடி வூட்டுக்கு வருவாங்க. இப்ப எல்லாரும் போன்லதான் தேடுறாங்க. தேடுனா திருச்சிக்காரங்க வராங்க, தஞ்சாவூர்க்காரங்க வராங்க. மண்டபத்துக்குப் பின்னாலயே குடியிருக்குற நாங்க வர மாட்டேங்குறோம். அதான் ஆளுக்கு ஒரு சைட்டு வேணும்."

"ஆளுக்கு ஒண்ணா? எல்லாருக்கும் சேத்து ஒண்ணு போதாதா?" என்று கேட்டேன்.

"போதாதுங்க. தவில்காரர் படத்துக்குக் கீழ என் படத்தப் போட்டா அவருக்குக் கோவம் வரும். மேல போட்டா இன்னும் கோவம் வரும். தனித்தனியா இருக்கட்டும். ஆனா பாத்தா ஒரே குடும்பம்னு தெரியணும். ஒருத்தரோடது ஒருத்தரவிட நல்லாருக்குன்னு பேச்சு வரக்கூடாது."

இன்னும் இரண்டு கேட்டார். படம் மாற்றுவது, ஒரு வரி சேர்ப்பது போன்றவற்றுக்கு எங்களைத் தேடி வராமல் அவர்களே போனில் செய்துகொள்ள வேண்டும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் எல்லாம் தயாராக வேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் என்ன விவரம் கேட்டாலும் கொடுக்க எல்லோருக்கும் நேரம் இருக்கிறது என்றார்.

அவர் படியிறங்கிப் போனதும் என் நாத்தனார் என்னைப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். திரையிலேயே படம் வரைவதுபோல இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. கோடு எழுத வேண்டியதில்லை. ஒரு வருடமாக அவற்றில் ஒன்றை வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

"அடுத்தவங்க செஞ்சு வச்ச பெட்டிய இழுத்து இழுத்து வைக்கிறதுக்கு நான் எதுக்கு எம்.சி.ஏ. படிச்சேன்?" என்றேன்.

"அண்ணி, வூட்டுல மாவு எதுல ஆட்டுறீங்க?"

"அது வேற."

"கிரைண்டர்லதானே? இட்லி உங்க இட்லிதானே?"

சரி, பார்க்கலாம் என்றேன்.

அவளே மூன்று மென்பொருள்களைத் தேர்ந்தெடுத்தாள். மூன்றையும் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பெயர்கள் வாயில் நுழையாததால் அவற்றின் நிறத்தை வைத்து ஆரஞ்சு, நீலம், பச்சை என்று கூப்பிட்டோம். விலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. மூன்றிலும் ஒரே பக்கத்தைச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாலை கட்டி விற்கிற ஓர் அக்காவின் படங்களை மாஸ்டர் அனுப்பியிருந்தார். அதையே எடுத்துக்கொண்டோம்.

ஆரஞ்சு பார்க்க அவ்வளவு அழகு. தலைப்பில் உள்ள எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து வரிசையில் நிற்கும். என் நாத்தனார் ‘கல்யாண மாலை’ என்று அடித்தாள். கல்யாணத்திலேயே புள்ளியும் காலும் எழுத்தை விட்டுக் கழன்று பறந்தன. மாலை வரும்போது ல தனியாகப் பறந்தது, ஐகாரக் கொம்பு தனியாகப் பறந்தது, கொம்புக்கு எழுத்து கிடைக்காமல் புள்ளிப் புள்ளியாய் ஒரு வட்டம் நடுவில் முளைத்தது. இங்கிலீஷில் எழுத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பறக்கவிடலாம். தமிழில் கொம்பையும் காலையும் பிரித்தால் எழுத்து எங்கே இருக்கும்? அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். உங்கள் மொழி விரைவில் வரும் என்று பதில் வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டு ஆரஞ்சை மூடினோம்.

நீலத்தைத் திறந்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன். எதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். படத்தைச் சாய்க்கலாம், ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கலாம், நூலளவு இடம் நகர்த்தலாம். இதில் கோடு எழுதுகிற சுகமே இருந்தது. மூலையிலிருந்து ஒரு சம்பங்கி மாலை தொங்கி, பக்கத்தின் ஓரமாகவே இறங்கி, கீழே போன் நம்பரைச் சுற்றி வளைந்து நிற்பதுபோல் செய்தேன். இவ்வளவு நாள் இதை வேண்டாம் என்று சொன்னது நானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அழகா இருக்கு அண்ணி. இத இன்னும் இருபத்தஞ்சு தடவ எப்புடிச் செய்வீங்க?"

"காப்பி எடுக்கலாம்."

"காப்பி எடுத்தப்புறம் ஒண்ணுல ஒரு கலரு மாத்தினா மத்ததுல மாறுமா?"

மாறாது. காப்பி எடுத்த நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. சம்பங்கி மாலையைப் பார்த்துக்கொண்டே தெரியாததுபோல் இருந்தேன்.

பச்சை அவளுடைய கட்சி. அதில் எல்லாம் வரிசை, கட்டம். இந்தக் கட்டத்தில் படம், அந்தக் கட்டத்தில் எழுத்து, அவ்வளவுதான். "பேங்க் பாரம் மாதிரி இருக்கு" என்றேன். அவள் கோபப்படவில்லை. ஒரு தாய்ப் பக்கம் செய்து, அதிலிருந்து ஐந்து பிள்ளைப் பக்கங்களை உண்டாக்கிக் காட்டினாள். தாயில் பொத்தானைச் சிவப்பாக்கினாள். ஐந்திலும் சிவப்பாகிவிட்டது. பிறகு, சைட்டுக்குச் சொந்தக்காரர் உள்ளே நுழைந்தால் எப்படித் தெரியும் என்று காட்டினாள். அவருடைய படமும் வரிகளும் மட்டும்தான் அவர் கைக்கு எட்டும். மற்றது எதையும் அசைக்க முடியாது.

நல்லதுதான் என்று மனசு சொன்னது. வாய் சொல்லவில்லை. இரண்டு நாள் நீலமா பச்சையா என்றே போயிற்று. வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சு. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார்.

கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். "சைட்டு நமக்கில்ல, அவங்களுக்கு. ரெண்டையும் அவங்க கையிலயே குடுத்துப் பாப்போம். யாரு கைக்கு எது படியுதோ அது."

நீலம்தான் ஜெயிக்கும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. சம்பங்கி மாலையைப் பார்த்தபின் யார் பேங்க் பாரத்தைக் கேட்பார்கள்? உடனே ஒத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை ஸ்கூட்டரில் அரியலூர் கிளம்பினோம். ஆடிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. பேரளி தாண்டியதும் எதிரே சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது முகத்தில் ஒரு கைப்பிடி தூசி. அவள் பின்னால் லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நீலம் தோத்தா திரும்பி வரும்போது நான்தான் வண்டி ஓட்டுவேன்" என்று காதருகே கத்திக்கொண்டு வந்தாள். அவளுக்கு வண்டி ஓட்ட ரொம்பப் பிடிக்கும். அவள் ஓட்டுகிற வேகம் எனக்கு ஆகாது.

மாஸ்டர் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார். ஆடி என்பதால் காலியாகக் கிடந்தது. கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுச் சங்கத்துக்காரர்கள் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் மட்டும் இல்லை. பின்கட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரிய அண்டாவுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"ஆடி பொறந்ததுலேருந்து பெரிய கரண்டியத் தொடலங்க. கை அரிக்குது. நீங்க பாட்டுக்கு ஆரம்பிங்க, வந்துடுறேன்."

சிலருக்கு இரண்டிலும் மாதிரிப் பக்கம் செய்து கொண்டுபோயிருந்தோம். வேலை எளிதுதான். உங்கள் பக்கத்தில் ஒரு படத்தை மாற்றுங்கள், ஒரு வரி எழுதுங்கள் என்று சொன்னோம். முதலில் நீலம். மாலை கட்டுகிற அக்காவின் கையில் போனைக் கொடுத்தேன். நாற்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் நார் இழுத்துத் தழும்பேறியிருந்தது. சம்பங்கி மாலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். "என் மாலதான். நல்லாத் தொங்குது" என்றார். நான் என் நாத்தனாரைப் பார்த்தேன்.

அக்கா படத்தின் மேல் விரலை வைத்தார். படம் விரலோடு வந்தது. பதறி விரலை இழுத்தார். படம் தலைப்பின் மேல் போய் விழுந்தது. தலைப்பைத் தள்ளப் போனார். தலைப்பு திரைக்கு வெளியே போய்விட்டது.

"நான் ஒண்ணும் பண்ணலங்க. தொட்டேன், அவ்வளவுதான்" என்று போனை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். எதையோ உடைத்துவிட்டவர்போல அவர் முகம் வாடிப்போனது. அந்த முகத்தைப் பார்த்தவுடனே என் கட்சி பாதி தோற்றுவிட்டது.

அடுத்தது தவில் வித்துவான். ஒரு கோயில் கச்சேரிக்குப் போகிற வழியில் வந்திருந்தார். வலக்கை விரல்களில் கூடு மாட்டியிருந்தார். தவில் அடிக்கிறவர்கள் விரலுக்குப் போடுகிற கெட்டி உறை. அந்த விரலால் தட்டினார். திரை அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். போன்தான் டொக் டொக் என்றது.

"அண்ணே, தாளம் கேக்கல, விரலத்தான் கேக்குது" என்று யாரோ சொல்ல, கூடம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே இடக்கையால் முயன்றார். அவருடைய படமே பிடிபட்டு அகலமாக இழுபட்டு, கன்னம் இரண்டும் உப்பிப்போய் நின்றது.

"மாஸ்டர் சமையல ஒரு வருசம் சாப்பிட்டா இப்புடித்தான் ஆவேன். இருக்கட்டும்" என்றார்.

இப்போது பச்சை. என் நாத்தனார் மாலை அக்காவிடம் போனாள். அக்கா வாங்கத் தயங்கினார். "இது தொட்டாலும் ஓடாதுக்கா. தைரியமாத் தொடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா படத்தைத் தொட்டார். அது அங்கேயே நின்றது. ‘படத்தை மாற்று’ என்று தமிழில் கேட்டது. அந்தச் சொற்களை அதற்கு முந்தின நாள்தான் அவள் உட்கார்ந்து தமிழாக்கி வைத்திருந்தாள், எனக்குச் சொல்லவே இல்லை. அக்கா, மாஸ்டர் அனுப்பியிருந்த படங்களில் ரோஜா மாலைப் படத்தைத் தேர்ந்தெடுத்தார். மாறிவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இப்ப ஒரு வரி. எழுதக் கஷ்டமா இருந்தா இந்த மைக்க அமுக்கிப் பேசுங்க. அதுவே எழுதிக்கும்."

அக்கா போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "மால வேணும்னா முந்தின நாளே சொல்லிடுங்க. விடியக்காலம் வந்து நின்னுக்கிட்டுக் கத்தக் கூடாது."

ஒரு சொல் பிசகாமல் அப்படியே திரையில் வந்தது. என் நாத்தனார் அதை உரக்கப் படித்தாள். அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் பின்கட்டிலிருந்து மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இத எல்லாரும் பாப்பாங்களா?"

"பாப்பாங்கக்கா."

"அப்ப நல்லதாப் போச்சு. அப்புடியே இருக்கட்டும்."

அந்த வரி இன்றும் அவருடைய பக்கத்தில் அப்படியேதான் இருக்கிறது.

யாரும் சொல்லாமலே அக்கா மறுபடியும் போனை எடுத்து இரண்டாவது படத்தையும் மாற்றினார். பக்கத்தில் இருந்த மேக்கப் செய்கிற பெண், "எனக்குக் குடுங்கக்கா" என்று கை நீட்டினாள். அதன் பிறகு போன் கை மாறிக்கொண்டே போனது. மைக் செட்காரர் வந்தார், பந்தல்காரர் வந்தார். ஒருவர்கூட என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றவளுக்கு வரவேண்டிய வருத்தம் ஏனோ வரவில்லை. கல்யாணமே இல்லாத மண்டபத்தில் அப்படி ஒரு கலகலப்பு.

மாஸ்டர் எல்லோரையும் பந்தியில் உட்கார வைத்தார். வத்தக்குழம்பு, பருப்பு உசிலி, முருங்கைக்கீரைப் பொரியல், பால் பாயசம். வத்தக்குழம்பில் இரண்டாம் முறை சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது பக்கத்து இலையைப் பார்த்துச் சொன்னேன்:

"பச்சையே வச்சுக்கலாம்."

அவள் ஜெயித்த முகம் காட்டவில்லை. தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்துவிட்டுக் கீரையைச் சாப்பிட்டாள். திரும்பும்போது சாவியை நானே அவளிடம் கொடுத்தேன். பெரம்பலூர் வந்து சேரும்வரை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து வேலை பிடித்துக்கொண்டது. பேங்க் பாரம் என்று நான் சொன்னது அவள் மனசில் தைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டங்களுக்குள்ளேயே கோலப் புள்ளிகளை ஓரமாக ஓடவிட்டு, மஞ்சளும் அரக்குமாக ஒரு கல்யாணப் பத்திரிகையின் களையைக் கொண்டுவந்துவிட்டாள். எனக்கும் வேலை வந்தது. எந்தத் தேதி காலி, எந்தத் தேதிக்கு ஏற்கெனவே ஆள் சொல்லிவிட்டார்கள் என்று காட்டப் பச்சையில் வழியில்லை. கல்யாண வேலைக்கு அதுதானே முதலில் வேண்டும்? நானே கோடு எழுதி ஒரு முகூர்த்தக் காலண்டர் செய்தேன். காலியான நாளுக்கு ஒரு வெற்றிலை, ஏற்கெனவே சொல்லிவிட்ட நாளுக்குப் பாக்கு வைத்த வெற்றிலை. தாய்ப் பக்கத்தில் ஒரே ஒரு முறை வைத்துச் சேமித்தேன். இருபத்தாறு சைட்டையும் வரிசையாகத் திறந்து பார்த்தாள் என் நாத்தனார். ஒவ்வொன்றிலும் காலண்டர் வந்து உட்கார்ந்திருந்தது. டைல்ஸ் கடை லோகோவோடு போராடிய பகல் எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து இருபத்தாறையும் பார்த்தேன். சந்தோஷத்தில்தான்.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போதே சைட்டுகளை வெளியே விட்டோம். சங்கத்துக்காரர்கள் சொந்தபந்தங்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ‘அழைக்க’ என்ற பொத்தான் சின்னதாக இருக்கிறது, வயதானவர்களுக்குத் தெரியாது என்று என் நாத்தனார் தாய்ப் பக்கத்தில் அதைப் பெரிதாக்கினாள். மாதிரிக்கு மாஸ்டரின் நம்பரை அடித்துப் பார்த்தாள். பார்த்தபின் அவரவர் நம்பரோடு மறுபடி இணைக்க வேண்டும். அதை மறந்து சேமித்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு பள்ளிக்கூட வேலையாகச் சிறுவாச்சூர் போய்விட்டோம்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மாஸ்டர் கூப்பிட்டார்.

"காலையிலேருந்து எனக்கு மவுசு கூடிப்போச்சுங்க. ஒரு பொண்ணு கூப்புட்டு, மேக்கப்பு எத்தன மணி நேரம் நிக்கும்னு கேக்குது. சாம்பாரு எத்தன மணி நேரம் நிக்கும்னுதாம்மா எனக்குத் தெரியும்னு சொன்னேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் நாத்தனாருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது. லேப்டாப்பைத் திறந்தாள். இருபத்தாறு சைட்டிலும் மாஸ்டரின் நம்பர். ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும் என்று அவள் சொல்லிச் சொல்லி என்னை ஒத்துக்கொள்ள வைத்த அதே வசதி.

"மன்னிச்சிடுங்க மாஸ்டர். என் தப்புதான். இப்பவே சரி பண்ணிடுறேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"இருங்க, இருங்க. முழுசாக் கேளுங்க" என்றார் மாஸ்டர். "மேளத்துக்குன்னு கூப்புட்டவங்கள்ட்ட மால வேணுமான்னு கேட்டேன். போட்டோவுக்குன்னு கூப்புட்டவங்கள்ட்ட பந்தல் சொல்லியாச்சான்னு கேட்டேன். எல்லார்ட்டயும் சமையல் யாருன்னு கேட்டேன். ஒரு வூட்டுக்காரங்க மைக் செட்டுக்குக் கூப்புட்டு, மால, மேளம், சமையல் வரைக்கும் சொல்லிட்டுப் போனை வச்சாங்க. யாரு யாரு என்ன கேட்டாங்கன்னு எல்லாத்தையும் எழுதி அவங்கவங்களுக்குச் சொல்லிட்டேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நம்பர அவங்கவங்களுக்கே மாத்திடுங்க. ஆனா எல்லாப் பக்கத்துலயும் கடைசியில ஒரு வரி போடுங்க. எல்லா ஏற்பாடும் சேத்து வேணும்னா இந்த நம்பருன்னு. அத நான் பாத்துக்குறேன். ஆடி மாசம் எனக்கும் பொழுது போவணும்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிறுவாச்சூர் பள்ளிக்கூட வராந்தாவிலேயே உட்கார்ந்து நம்பர்களைச் சரிசெய்தாள். பிறகு தாய்ப் பக்கத்தின் அடியில் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். சேமிக்கும் முன்னால் என்னை இரண்டு முறை படித்துப் பார்க்கச் சொன்னாள். எதையும் தாயில் மாற்றினால் இன்னொருத்தி பார்த்த பிறகுதான் சேமிப்பது என்று அன்று வைத்துக்கொண்டோம். இன்றுவரை அப்படித்தான்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று வேறு வேலையாக அரியலூர் போக வேண்டியிருந்தது. போர்வெல் வண்டி வைத்திருக்கிறவர்கள் சிலர் தங்களுக்கும் இதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மண்டபத்தைக் கடக்கும்போது வாசலில் குலையோடு வாழை மரம் கட்டியிருந்தது. உள்ளே தவில் கேட்டது. பின்வாசலில் காற்று வாங்க நின்றிருந்த மாஸ்டர் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு நடு ரோட்டுக்கே வந்து கையைக் காட்டினார்.

"சாப்புட்டுப் போங்க."

"யாரு கல்யாணம்னே தெரியாது மாஸ்டர். எப்புடி வர்றது?" என்றேன்.

"நான் சமைச்சது உங்களுக்குத் தெரியும்ல. வாங்க."

தூசி படிந்த சுடிதாரோடு பந்தியில் போய் உட்கார்ந்தோம். பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வரிசையாக விசாரித்துக்கொண்டே வந்தார். எங்கள் முன்னால் நின்றார்.

"நீங்க பொண்ணு வூடா, மாப்பிள்ள வூடா?"

என் நாத்தனார் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"நாங்க வெப்சைட்டு வூடுங்க."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, "ஓ, போன்ல பாத்தமே, அந்த வெத்தல காலண்டரு. அத செஞ்சது நீங்கதானா?" என்று கேட்டார். என் நாத்தனார் என்னைக் கைகாட்டினாள். அவர் பரிமாறுகிற ஆளைக் கூப்பிட்டு என் இலையில் இரண்டு ஜாங்கிரி வைக்கச் சொன்னார். ஒன்றை எடுத்து அவள் இலையில் வைத்தேன். அதற்குள் சாம்பார் வாளி எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது.